குமிழ் திருப்பும் கை

நெடுங்கேணிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிப் பெட்டியைவிட, அதன் பின்புறக் குமிழ்களைத் திருப்பும் கையையே நான் அதிகம் ரசிப்பேன். வொலியூமைப் பூச்சியத்தில் வைத்துத்தான் அந்தக் கை சுவிச்சைப் போடும். 'டொம்' என்ற அதிர்ச்சி ஸ்பீக்கர் கூம்பைத் தாக்காது.

தவிலின் தொப்பிப் பக்கம் நிறைவாகக் கேட்க பேஸ் வேண்டும். தேவாரத்துக்கு அதே பேஸ் கூடினால் சொல் மங்கிவிடும். அதைத் தணித்து, ட்ரெபிளை மயிரிழை ஏற்றினால் 'ச', 'த' எல்லாம் துலங்கும். எவ்வளவு அழகான வேலை!

சத்தம் காணாதென்று 100 வாட்டை 200 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். ஆகவே தம்பிமாரே, சொல் விளங்காவிட்டால் முதலில் பேஸைக் குறைத்துப் பாருங்கோ.