ஆடினவர், ஆட்டுவித்தவர்

நாட்டியக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரிசை உண்டு. கவனித்திருப்பீர்கள். முதலில் ஆடுவார்கள். முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்ததும் மற்றவர்களை ஆடவைப்பார்கள். அப்புறம் ஒரு ஸ்கூல். தலை நரைத்தபிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. எழுதுகிறவர்களும் இந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, ‘சேவை’ என்று ஒரே பாராவில் முடித்துவிடுவார்கள். மாடிப்படி இறங்குகிற பாட்டிக்குக் கைகொடுக்கிற மாதிரி.

கேதரின் டன்ஹாம் விஷயத்தில் அப்படி எழுதினால் தப்பாகிவிடும். 1909-ல் பிறந்து 2006-ல் தொண்ணூற்றாறு வயதில் காலமான அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. பிராட்வேயும் ஹாலிவுட்டும் பார்த்தவர். ஆனால் அவர் செய்ததிலேயே பெரிய படைப்பு, பாழடைந்த ஒரு தொழிற்சாலை ஊரில் நடத்திய பள்ளிக்கூடம்தான் என்பது என் கட்சி. ஒப்புக்கொள்கிறீர்களா, பாருங்கள்.

1935. டன்ஹாம் அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் மாணவி. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு ரோசன்வால்ட் நிதியத்தின் குழு முன்னால் போய் நிற்கிறார். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, ஆடிக் காட்டலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு மேலுடுப்பைக் கழற்றினாராம். பயப்படாதீர்கள், உள்ளே நடன உடுப்பு. முதலில் அங்கே பள்ளிகளில் சொல்லித்தருகிற பாலே கொஞ்சம். அடுத்து ஆப்பிரிக்க வழி ஆட்டம் கொஞ்சம். இரண்டாவதைப் படிக்கத்தான் பணம் வேண்டும். கிடைத்தது.

ஜமைக்கா, மார்ட்டினிக், டிரினிடாட், ஹெய்ட்டி என்று தீவு தீவாகப் போனார். ஹெய்ட்டியில் வூடூ மதத்தில் தீட்சையே வாங்கிக்கொண்டார். அங்கே பார்த்தது என்ன? ஆட்டம் என்பது ஏழு மணிக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சமாசாரம் இல்லை. சாமிக்கு ஓர் ஆட்டம், சாவுக்கு ஓர் ஆட்டம், திருவிழாக் கூட்டத்துக்கு வேறு ஒன்று. ஆடுகிறவர், பார்க்கிறவர் என்று நடுவில் கோடு கிடையாது. அம்மன் கோயில் கொடையில் சாமியாட்டம் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

அதை அப்படியே மேடைக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது. அதுதான் சிக்கல்.

1938-ல் சிகாகோவில் ‘லாக்யா’ என்ற பாலே அமைத்தார். மார்ட்டினிக் தீவில் இரண்டு பேர் மோதுகிற சண்டை ஆட்டம் ஒன்று உண்டு. அதை அங்கேயே ஃபிலிமில் பிடித்துவந்து கதையோடு சேர்த்தார். நல்ல வேலை. ஆனால் நாற்பதுகளில் ஊர் ஊராகப் போன ‘டிராபிகல் ரெவ்யூ’ போன்றவற்றில் கவர்ச்சிக்குக் குறைவில்லை. இடுப்பைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு இடுப்பைக் காட்டிவிட்டு, நடுவில் ஹெய்ட்டியை நுழைத்தார் என்றுதான் சொல்லவேண்டும். விமர்சகர்கள் ஆராய்ச்சியாளரா, ஆட்டக்காரியா என்று குழம்பினார்கள். ‘ஸ்டார்மி வெதர்’ (1943) படத்தில் அவர் குழு வருகிற காட்சியைத் தேடிப் பாருங்கள். மழைத் தெருவில் நிற்கிறவர்கள் சட்டென்று கனவுக்குள் நழுவுகிறார்கள். அழகு, சந்தேகமில்லை. ஆனால் ஹாலிவுட் பாலீஷ் போட்ட அழகு. ஹெய்ட்டியின் மண் அதில் ஒட்டவில்லை.

மண் ஒட்டியது வகுப்பறையில்தான். நாற்பதுகளின் நடுவில் நியூயார்க்கில் பள்ளி தொடங்கினார். பாலேக்காரர்களின் கைப்பிடிக் கம்பியையும் வைத்துக்கொண்டார். பியானோ இருக்கவேண்டிய இடத்தில் டிரம் வைத்தார். தோள் ஒரு தாளத்தில், இடுப்பு வேறு தாளத்தில், கால் மூன்றாவதில். ஒவ்வொரு அங்கத்தையும் தனித்தனியே பிரித்துப் பழக்குகிற இந்த முறைக்கு ‘டன்ஹாம் டெக்னிக்’ என்றே பெயர். இன்றும் சொல்லித்தருகிறார்கள். அங்கே ஆட்டத்தோடு மானிடவியலும் பாடம். பாடகி எர்த்தா கிட் அங்கே உருவானவர். மார்லன் பிராண்டோகூட வந்து டிரம் தட்டியிருக்கிறார்.

கோபக்காரி வேறு. 1944-ல் லூயிவில் நகரத்தில், கறுப்பர்களைத் தனியே உட்காரவைத்த அரங்கில் ஆடி முடித்துவிட்டு, சேர்ந்து உட்காரும்வரை திரும்பி வரமாட்டேன் என்று மேடையிலிருந்தே சொன்னார். 1950-ல் பிரேசிலின் சாவ் பாலோவில் ஒரு ஹோட்டல் இடம் தர மறுக்க, அந்த ரகளை நாடாளுமன்றம்வரை போய், 1951-ல் நிறப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டமே வந்தது. அதே சமயத்தில் சிலியில் ‘சவுத்லேண்ட்’ போட்டார். கறுப்பர் ஒருவரைக் கும்பல் அடித்துத் தூக்கில் போடுகிற கதை. அமெரிக்க அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. அவருடைய குழு அதைச் சொந்த நாட்டில் ஆடவே இல்லை. 2012-ல்தான் டென்வரில் வேறொரு குழு எடுத்து ஆடியது. அப்போது டன்ஹாம் உயிரோடு இல்லை.

இப்போது ஈஸ்ட் செயின்ட் லூயிஸுக்கு வருவோம். மிசிசிப்பி ஆற்றின் ஒரு கரையில் செயின்ட் லூயிஸ். எதிர்க்கரையில், இல்லினாய் மாநிலத்தில், இந்த ஊர். 1917-ல் கறுப்பர்களைக் கொன்று குவித்த கலவரம் நடந்த இடம். பின்னால் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்ட, வேலையும் போனது. 1967-ல் டன்ஹாம் அங்கே கலைப் பயிற்சி மையம் தொடங்குகிறார். வயது ஐம்பத்தெட்டு. அதே வருஷம், ஒரு பையனைப் போலீஸ் பிடித்ததைத் தட்டிக்கேட்கப் போய்த் தானும் லாக்கப்புக்குப் போனார். ஊர்க்காரர்கள் அவரை நம்ப இது போதாதா?

தெருவில் கூட்டம் சேர்த்துக்கொண்டு திரிந்த பையன்களிடம் பாலே ஷூவை நீட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் டிரம்மைக் கொடுத்தார். தற்காப்புக் கலை, பிரேசிலின் கப்போய்ரா, நாடகம், நடனம் எல்லாம் கூடவே வந்தன. செனகலிலிருந்து மோர் தியாம் என்ற டிரம் கலைஞரை வரவழைத்தார். அவருடைய பிள்ளைதான் ஏகான். 2011-ல் ‘ரா.ஒன்’ படத்தில் ‘சம்மக் சல்லோ’ பாடினாரே, அவரேதான்!

இதைச் ‘சேவை’ என்று எழுதும்போதுதான் எனக்கு இடிக்கிறது. ஹெய்ட்டியில் ஓர் ஊரே ஆட்டத்தால் கட்டுண்டு இருப்பதைப் பார்த்தவர், கட்டு அவிழ்ந்துபோன ஓர் ஊரில் அதைத் திரும்ப முடிய முடியுமா என்று பார்க்கிறார். 1935-ல் பணம் வாங்கிய ஆராய்ச்சியின் மிச்சப் பாதிதான் இது. பிராட்வேயில் அதைச் செய்ய இடமில்லை. அங்கே பார்க்கிறவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பலித்ததா? ஊரைக் கேட்டால், இல்லை. 1950-ல் 82,000 பேர் இருந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பில் 18,000 சொச்சம். டிரம் தட்டினால் ஃபேக்டரி திரும்பி வராது. மையத்துக்குப் பணத் தட்டுப்பாடு தீர்ந்தபாடில்லை. அங்கே படித்தவர்களைக் கேட்டால் பதில் வேறு. அவர்களில் சிலர் நடனத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டு அதே டெக்னிக்கைச் சொல்லிக்கொடுக்கப் போனார்கள். 1992-ல், எண்பத்திரண்டு வயதில், படகில் தப்பிவந்த ஹெய்ட்டிக்காரர்களை அமெரிக்கா திருப்பி அனுப்பியதை எதிர்த்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார் டன்ஹாம். எங்கே? நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ அல்ல. ஈஸ்ட் செயின்ட் லூயிஸில், தன் வீட்டில்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவர் தீவுகளில் பிடித்த படத்துண்டுகளையும், டெக்னிக் வகுப்புப் படங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கிடையாது. மார்ட்டினிக் சண்டை ஆட்டத்தை முதலில் பாருங்கள். அப்புறம் வகுப்பு. ‘ஸ்டார்மி வெதர்’ கடைசியில் போதும்.