மனு தீர்ந்தது, குறை தீர்ந்ததா?

முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை என்று ஒருவர் மனு கொடுக்கிறார், பணம் வந்துவிடுகிறது. அதே காரணத்தால் தொகை நின்றுபோன பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வரவில்லை. ஏனென்றால் அவர் மனு கொடுக்கவில்லை. நம் குறைதீர் முறையின் வலிமை, பலவீனம் இரண்டையும் இந்த இரண்டு வீடுகளிலேயே பார்த்துவிடலாம். மனுதாரருக்கு உதவ அரசு நன்றாகவே பழகியிருக்கிறது. மனுவைக் கொண்டு சேவையைத் திருத்திக்கொள்ள இன்னும் பழகவில்லை.

வலிமையை முதலில் சொல்லியாக வேண்டும். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே கூடத்தில் இருப்பதால், 'இது எங்கள் வேலை இல்லை' என்று யாரும் எளிதில் நழுவ முடியாது. 1100 என்ற எண்ணில் 'முதல்வரின் முகவரி'க்கும் முறையிடலாம்.

முறையீடு விதியையே மாற்றிய காலமும் உண்டு. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த உணவு உரிமை வழக்கில், முதியோர் ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ஆணையிட்டது. ஒரு மனு நாடு முழுவதற்கும் நாள் குறித்தது. ரேஷன் கடையிலும் அப்படித்தான். தேய்ந்த விரல்களில் ரேகை பதியவில்லை என்ற முறையீடு நெடுநாள் கேட்டது. கருவிழிப் பதிவு வந்தது. நடக்க முடியாதவர் தம் சார்பில் ஒருவரை அனுப்ப வழி பிறந்தது. 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது.

இவற்றைக் கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் நின்று எடைபோட்டால் முதல் குறை தெரியும். மனு கொடுக்க நாமக்கல்லுக்குப் போக வேண்டும். செம்மேடு வந்து, காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மறுபடி ஏறி வர ஒரு நாள் கூலி போய்விடும். பிள்ளைகள் பிழைப்புக்குக் கீழே இறங்கிவிட்ட வீட்டில் தனியாக இருக்கும் முதியவரை யார் கூட்டிப்போவது? சிக்னல் கிடைக்காத இடத்தில் 1100-ஆல் என்ன பயன்? மனுநீதிச் சோழன் கதையில் மணி பசுவுக்கும் எட்டும்படி தொங்கியது. நாமக்கல்லில் தொங்கும் மணி மலைக்கிழவிக்கு எட்டாது. 2024 ஜனவரியில் தொடங்கிய 'உங்களைத் தேடி, உங்கள் ஊரில்' திட்டம் இதை உணர்ந்த ஏற்பாடு. ஆட்சியர் மாதம் ஒரு நாள் ஏதேனும் ஒரு வட்டத்தில் தங்கிக் குறை கேட்கிறார். ஆனால் மாவட்டத்தின் வட்டங்களையெல்லாம் சுற்றி மலைக்கு மறுபடி முறை வர மாதங்கள் ஆகும். எனவே அங்கிருந்து மனு குறைவாக வந்தால், குறை இல்லை என்று கணக்கெழுதுவது பெரும் பிழை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மேலே கொடுத்த மனு படிப்படியாக இறங்கி, பெரும்பாலும் எந்த அலுவலகத்தின் மீது குறை சொன்னோமோ அதே மேசைக்கு வந்துசேர்கிறது. நாளை வேறொரு சான்றுக்கு அந்த அலுவலரிடமே போக வேண்டும் என்ற அச்சம் பலரை வாய் திறக்கவிடாது. பதில் அனுப்பியதும் மனு 'முடிக்கப்பட்டது' ஆகிறது. அதைக் கொடுத்தவர் நிறைவடைந்தாரா, அதே பிழை எத்தனை பேரைத் தொட்டது என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை.

இந்தக் குறைக்கு வேறு இடங்களில் வழி தேடியிருக்கிறார்கள். பீகார் 2016 முதல் நடைமுறைப்படுத்திய குறைதீர் உரிமைச் சட்டத்தில், மனுதாரரும் துறை அலுவலரும் தனி விசாரணை அலுவலர் முன் எதிரெதிரே நிற்கிறார்கள். 60 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் முதியோர், மாற்றுத்திறனாளி பராமரிப்பு உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. எத்தனை புகார் வந்தது, எத்தனை நியாயமானது, அதனால் சேவையில் எதைத் திருத்தினோம் என்று அவை ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்கின்றன 2009-ஆம் ஆண்டு விதிகள். அங்குள்ள முறைமன்ற நடுவர் (ஆம்புட்ஸ்மன்), புகார் கொடுக்காதவருக்கும் அதே பிழையால் தீங்கு நேர்ந்ததா என்று விசாரிக்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் இடம் தரும் அதிகாரம் இது. ஆனால் நடுவரின் பரிந்துரை சட்டப்படி கட்டாயமில்லை; பராமரிப்பவரைப் பகைத்துக்கொள்ள முதியோர் தயங்குவது அங்கும் உண்டு. ஆகவே அந்த முறையை அப்படியே பெயர்த்து நட வேண்டியதில்லை. அதன் கணக்குக் காட்டும் கடமையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அதற்கான இடம் நம்மிடமே இருக்கிறது. அரசமைப்பின் 11-ஆம் அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியதாகக் காட்டும் 29 பொருள்களில் சமூக நலமும் ஒன்று. உதவித்தொகையை அனுமதிக்கும் அதிகாரமோ வருவாய்த் துறையிடம் உள்ளது. கிராம சபையால் தீர்மானம் போட மட்டுமே முடியும். இந்த இடைவெளியை மூட அரசாணை ஒன்று போதும். ஒவ்வொரு கிராம சபையிலும் உதவித்தொகை பெறுவோர், நிறுத்தப்பட்டோர், காத்திருப்போர் பட்டியலைக் காரணத்துடன் வாசிக்க வேண்டும். ஒரே காரணத்துக்கு மூன்று மனு வந்தால், அந்தக் காரணத்தால் விடுபட்ட அனைவரின் கோப்பையும் உதவித்தொகையைக் கவனிக்கும் தனி வட்டாட்சியர் தாமே திறந்து பார்க்க வேண்டும். என்ன திருத்தினோம் என்பதை அடுத்த சபையில் சொல்ல வேண்டும்.

1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. தொகையை உயர்த்திய அரசு, அது நின்றுபோகும் காரணங்களையும் களைய வேண்டும். வாய் திறந்து கேட்க முடியாத முதியவருக்கும் அது தவறாமல் வந்துசேரும்போதுதான் குறை தீர்ந்தது என்று எழுதலாம்.