பில் பாஸ் ஆகும் வரை: தூத்துக்குடியின் சிறு ஒப்பந்ததாரரும் அரசுப் பணமும்

தூத்துக்குடியில் ஒரு சிறு ஒப்பந்ததாரர் வேலை கேட்டுப் போகும் இடங்களில் பெரும்பாலானவை அரசைச் சேர்ந்தவை. வ.உ. சிதம்பரனார் துறைமுகம், 5 அலகுகளில் 1,050 மெகாவாட் திறன் கொண்ட அனல்மின் நிலையம், மாநகராட்சி, நெடுஞ்சாலைத்துறை, மீன்வளத்துறை என்று பட்டியல் நீளும். பெயிண்டிங், கால்வாய் தூர்வாருதல், கன்வேயர் பெல்ட் பராமரிப்பு, துப்புரவு, மின் வேலை ஆகியவற்றுக்கு ஆள் கூட்டி, பொருள் வாங்கி, வேலையை முடித்துக் கொடுப்பவர்கள் இவர்கள். எல்லா இடத்திலும் நடைமுறை ஒன்றுதான்: முதலில் சொந்தப் பணத்தைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும், பிறகு பில் போட்டுக் காத்திருக்க வேண்டும். அரசின் பணப் பட்டுவாடா நின்றுபோனால் சிறு ஒப்பந்ததாரர் எப்படித் தாக்குப்பிடிப்பது என்ற கேள்விக்கு விடை தேடுமுன், இந்த நடைமுறையையே எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

இதன் பலங்கள் மெய்யானவை. தனியார் முதலாளி நொடித்துப் போனால் பாக்கியும் சேர்ந்து போகும். அரசு நொடித்துப் போவதில்லை. டெண்டர் முறையில் முன்பின் தெரியாத ஒருவர்கூட விலையை வைத்தே வேலை பெற முடிகிறது. 2012-இல் நடைமுறைக்கு வந்த பொதுக் கொள்முதல் கொள்கை ஆணையின்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். அந்த நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. வேலை ஆணையைக் காட்டினால் வங்கி கொஞ்சம் காது கொடுக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் பலருக்கு ஏணியாக இருந்தது அரசு வேலைதான். ஆனால் இந்தப் பாதுகாப்பு, பணம் வந்து சேரும் என்பதற்குத்தான். எப்போது வரும் என்பதற்கு அன்று. சிறு தொழில் சாய்வது இந்த இடைவெளியில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 லட்ச ரூபாய் வேலை. செலவு 9 லட்சம், எதிர்பார்க்கும் லாபம் 1 லட்சம். செலவுப் பணத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தால் மாத வட்டி 18,000 ரூபாய். பில் பாஸ் ஆக ஆறு மாதம் ஆனால் வட்டி மட்டும் 1,08,000. லாபம் முழுவதும் போய்க் கைப்பணமும் சேர்ந்து கரைகிறது. இதற்கிடையில் கூலியை வாராவாரம் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பில் போட்டுவிட்டால், பணம் கைக்கு வராவிட்டாலும் ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். அரசு தனக்கு வரவேண்டியதற்கு நாள் குறித்திருக்கிறது. தான் தரவேண்டியதற்கு மட்டும் நிதி ஒதுக்கீட்டைக் காரணம் காட்டுகிறது.

பட்டுவாடா வெளிப்படையாகவே நின்றுபோவதும் உண்டு. அமெரிக்காவில் நாடாளுமன்றம் நிதி மசோதாவை நிறைவேற்றத் தவறினால் அரசே மூடப்படுகிறது. 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாட்களும், 2025 அக்டோபரில் தொடங்கியது 43 நாட்களும் நீடித்தன. அங்கே அரசு ஊழியர்களுக்கு விடுபட்ட சம்பளத்தைத் தர 2019-இல் ஒரு சட்டமே வந்தது; ஒப்பந்த நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கு அது பொருந்தாது. இந்தியாவில் அந்த வகை முடக்கம் வருவதில்லை. மத்திய அரசுக்கு அரசியல் சாசனத்தின் 116-ஆம் பிரிவும், மாநிலங்களுக்கு 206-ஆம் பிரிவும் இடைக்கால நிதிக்கு வழி செய்கின்றன. ஆனால் இங்கே பணம் அறிவிப்பில்லாமல் நிற்கிறது. மார்ச் 31-இல் செலவழியாத ஒதுக்கீடு காலாவதியாகிறது. 2024-இல் தேர்தல் நடத்தை விதிகள் மார்ச் 16-இல் அமலுக்கு வந்தன. ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை வரை புதிய வேலைகளுக்கு இடமில்லை. முடிந்த வேலைக்குப் பணம் தர அந்த விதிகள் தடை சொல்வதில்லை. ஆயினும் தடை இருப்பதாகச் சொல்லப்பட்டால் நம்பித் திரும்பிவிடும் சிறு ஒப்பந்ததாரருக்கு அதுவும் ஒரு முடக்கம்தான்.

ஒரே எஜமானரை நம்பிய தொழிலுக்கு என்ன நேரும் என்பதை இந்தக் கடற்கரை முன்பே கண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் அரசின் உடைமை. அதிகாரிகள் பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருக்கிறது என்று சொன்னால்தான் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடக்கும். 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நடந்தன. அதன்பின் இன்றுவரை இல்லை. குளியாட்கள் பலர் சங்கு குளிக்கப் போனார்கள். திறமை வீணாகவில்லை என்பது ஆறுதல். ஆனால் சங்கும் நெடுங்காலம் மீன்வளத்துறையின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. விலையைத் துறையே வைத்தது. வேலை மாறியும் பணம் கொடுக்கும் கை மாறாவிட்டால் ஆபத்து குறைந்துவிடுவதில்லை. துறைமுகத்தில் ஒரு டெண்டர், மாநகராட்சியில் இன்னொன்று என்று எடுத்துவிட்டுத் தம் தொழில் பரவலாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வாங்குபவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மும்மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. நிலுவைப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்தில் முறையிடலாம். மன்றத்தின் உத்தரவை எதிர்த்து வழக்காடுபவர் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும். எழுத்தில் பார்த்தால் இது வலிமையான சட்டம். அதன் ஓட்டைகளோ சிறு ஒப்பந்ததாரரின் காலடியில்தான் இருக்கின்றன. கட்டுமான ஒப்பந்தங்கள் இச்சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போன்றவை தீர்ப்பளித்துள்ளன. ஒப்பந்தம் போட்ட பிறகு சிறு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டவரின் உரிமையும் வழக்காகியிருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு உரிய நாளில் பணம் தராத நிறுவனத்துக்கு வருமான வரியில் நெருக்கடி தரும் சட்டப் பிரிவு, வருமான வரியே கட்டாத அரசுத் துறையை அசைக்காது. பில்லை ஏலத்தில் வைத்து முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் தளங்களிலும், வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டால்தான் ஏலம் நடக்கும்.

ஆகவே தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு, விலை எழுதும் நாளிலேயே தொடங்க வேண்டும். சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவு டெண்டருக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். எத்தனை மாதம் பில் வராவிட்டாலும் கூலி கொடுக்க முடியும் என்று கணக்கிட்டு, அந்த எல்லையைத் தாண்டி அரசு வேலை எடுக்கக் கூடாது. தாமதத்தின் வட்டியை விலையிலேயே சேர்க்க வேண்டும். மொத்தமாக ஒரே பில் போடாமல், ஒப்பந்தம் இடம் தரும் அளவுக்குப் பகுதி பில் போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் எம்-புக் எனும் அளவுப் புத்தகம். பொறியாளர் அளந்து அதில் எழுதும் வரை, செய்த வேலை அலுவலகத்தின் கண்ணில் வேலையே அன்று. வேலையை ஒப்படைத்த அன்றே எழுத்தில் கடிதம் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கி வைக்க வேண்டும்; 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்படைத்த நாளையே ஏற்ற நாளாகச் சட்டம் கொள்கிறது. 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற பேரிடரில் டெண்டர் இல்லாமலே வேலை தரத் தமிழ்நாட்டின் டெண்டர் வெளிப்படைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவசரத்தில் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இறங்குபவர், ஒரு வரி எழுத்தாவது வாங்காமல் ஜே.சி.பி.யை இறக்கக் கூடாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். தேர்ந்தெடுக்கும் வசதி சிறியவருக்கு ஏது, கிடைத்த வேலையை எடுப்பதுதானே வழி என்பது முதலாவது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதே ஊரில் உப்பளங்கள், தனியார் சரக்குக் கிடங்குகள், கப்பல் முகவர்கள், மீன் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. லாபம் குறைந்தாலும் மாதாமாதம் பணம் தரும் ஒரு தனியார் வேலை, அரசு பில்லுக்காகக் காத்திருக்கும் காலத்துக்குச் சோறு போடும். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: வசதியாக்கல் மன்றத்துக்குப் போனால் அடுத்த டெண்டர் கிடைக்காது. இந்த அச்சத்தைத் தனி ஆளின் துணிச்சலால் தீர்க்க முடியாது. சங்கமாகச் சேர்ந்து, நிலுவைப் பட்டியலை யார் பெயரும் தனித்துத் தெரியாமல் துறைத் தலைமையிடம் வைப்பதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பில்களின் வரிசையைக் கேட்பதும் பழிவாங்கலுக்கான இடத்தைக் குறைக்கும்.

பொதுப் பணத்தைச் சரிபார்க்காமல் கொடுக்க முடியாது என்று அரசுத் தரப்பு சொல்வது நியாயமே. சரிபார்க்கட்டும், ஆனால் அதற்கும் நாள் குறிக்கட்டும். 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த தாமதக் கட்டண விதிகள், மின் வாரியங்களின் பழைய பாக்கியை 48 தவணைகள் வரை பிரித்து மின் உற்பத்தி நிறுவனங்களுக்குச் செலுத்த வைத்தன. தவறினால் மின்சாரத்தைக் குறைக்கும் அதிகாரமும் அந்த நிறுவனங்களுக்குக் கிடைத்தது. மின்சாரத்தை நிறுத்தக்கூடியவருக்குக் கிடைத்த நீதி, அதே மின் நிலையத்தின் சாம்பலை அள்ளியவருக்கும் கிடைக்க வேண்டும். 46-ஆம் நாள் முதல் வட்டி, யாரும் மனுப்போடாமலே பில்லோடு சேர்ந்து வர வேண்டும். அந்த வட்டி எந்த அலுவலகத்தின் தாமதத்தால் ஏறியது என்று தணிக்கையில் பதிவாக வேண்டும். அது நடக்கும் வரை ஒப்பந்ததாரரின் எச்சரிக்கை தற்காப்பு மட்டுமே; தாமதத்தின் செலவை அதை உண்டாக்கியவரே ஏற்கும் நாளில்தான் இந்த நடைமுறை நியாயமானதாகும்.