வேலன் போட்ட வேடமும் வள்ளிக்குப் போட்ட சீருடையும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் கோயில் நோம்பி என்றால் வள்ளிக் கும்மி என்றாகிவிட்டது. சில மாதம் மாலை நேரப் பயிற்சி, பிறகு ஊரறிய அரங்கேற்றம். பள்ளிச் சிறுமி முதல் பேத்தி எடுத்த அப்பத்தா வரை ஒரே நிறச் சேலையில், காலில் சலங்கையோடு, ஆசிரியரின் பாட்டுக்கு வட்டம் வட்டமாக ஆடுகிறார்கள். இந்த ஆட்டத்தின் உடையைப் பற்றியும் கதையைப் பற்றியும் பெண்களாகிய நாம் பேசியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் இதன் வெற்றியைச் சொல்லிவிடுவோம். ஒயில் கும்மி நெடுங்காலம் ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது. பெரிய மணிகளைக் காலில் கட்டி ஆடும் பெருஞ்சலங்கை ஆட்டமும் அப்படித்தான். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பத்திரப்பன் வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ பெற்றபோது, பெண்களுக்கும் அதைக் கற்றுத் தந்தவர் என்பது தனியாகக் குறிப்பிடப்பட்டது. அது சிறிய விஷயமல்ல. பொழுது சாய்ந்தால் வீடு திரும்ப வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண்கள், இரவு பத்து மணிக்கு ஊர் நடுவே வியர்க்க வியர்க்க ஆடுகிறார்கள். மூச்சு வாங்கும் அந்த முகங்களில் இருக்கும் மகிழ்ச்சியை எந்தக் கோட்பாட்டைக் கொண்டும் நான் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் வேடம் என்பது யாருக்கு என்ன தருகிறது? பல்கேரியாவில் 'குக்கேரி' என்றொரு மரபு உண்டு. குளிர்காலத்தில் ஆட்டுத்தோலும் மரமுகமூடியும் அணிந்து, இடுப்பில் கனத்த மணிகளைக் கட்டிக்கொண்டு, தீமையை விரட்ட ஊர் சுற்றி ஆடுவார்கள். பெர்னிக் வட்டாரத்துச் 'சுரோவா' விழா 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மரபுப்படி ஆடியவர்கள் ஆண்கள், அதிலும் பெரும்பாலும் மணமாகாத இளைஞர்கள். கூட்டத்தில் ஒரு மணப்பெண்ணும் வருவாள். அவளும் பெண்வேடமிட்ட ஆண்தான். நம் கூத்துகளிலும் பெண்பாத்திரங்களை ஆண்களே கட்டிவந்த வரலாறு நமக்குத் தெரியும். வேடம் ஆணுக்கு ஒரு விடுதலை. அதைப் போட்டுக்கொண்டு அவன் கரடியாகலாம், பேயாகலாம், பெண்ணாகவும் ஆகலாம். விடிந்ததும் கழற்றிவைத்துவிடலாம்.

வள்ளி கதையும் வேடங்களின் கதைதான். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வருகிறான். யானையைக் காட்டி அச்சுறுத்தித்தான் அவளைத் தழுவச் செய்கிறான். அச்சத்தில் பிறந்த அந்தத் தழுவலைச் சம்மதம் என்று பெண்ணிய வாசிப்பு ஒப்புக்கொள்ள முடியாது. ஆசிரியர் அதை வேடிக்கையாகப் பாடும்போது கூடவே சிரித்துக் கடந்துவிடவும் கூடாது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பின்னர் தோழியின் துணையோடு, நள்ளிரவில், வள்ளி தானே வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். நம்பிராஜனும் வேடர்களும் ஆயுதத்தோடு துரத்தி வருகிறார்கள், மாண்டு விழுகிறார்கள், வள்ளி அவர்களை எழுப்புகிறாள், அதன் பிறகே கல்யாணம். குறவர் குடியில் வளர்ந்த பெண் அந்நியன் ஒருவனை மனத்தால் தேர்ந்த கதை இது. துரத்திவந்த சொந்தங்கள்தான் இறுதியில் இறங்கி வருகிறார்கள்.

இந்தக் கதையைப் பாடி ஆடும் சில மேடைகளில், சொந்தச் சாதிப் பையனைத்தான் கட்டிக்கொள்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளிகள் வெளிவந்து சர்ச்சையாயின. இதைவிட வள்ளிக்கு வேறென்ன அவமானம் வேண்டும்? அவள் பெயரால் கூடி, அவள் செய்ததைச் செய்ய மாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறார்கள். மேடை வள்ளியைப் பாடுகிறது. ஒலிபெருக்கி துரத்திவந்தவர்களின் குரலில் பேசுகிறது. அந்த ஆட்களுக்குக் கதையில் மனம் மாறியது. உறுதிமொழி வாங்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை.

இது வெறும் கலை விவாதம் அல்ல. 2015 ஜூனில், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பெண்ணுக்குப் பாதி உடல் தந்த கடவுளின் சன்னிதியிலேயே ஒரு பெண்ணோடு பேசியதற்கு உயிர் விலையானது. அந்த மண்ணில் நின்று எடுக்கப்படும் உறுதிமொழி வெறும் வார்த்தையாக இருக்க முடியாது.

இப்போது அந்த ஒரே நிறச் சேலையைப் பாருங்கள். சீருடைக்கு ஓர் அழகு உண்டு. பணக்காரியும் கூலிக்காரியும் ஒரே வரிசையில் நிற்கலாம். ஆனால் எந்தத் தெருப் பெண்களுக்கு அந்தச் சேலை எடுக்கப்படுகிறது? கொட்டுகிறவர் யார், ஆடுகிறவர் யார்? அருந்ததியர் தெருப் பெண் அந்த வட்டத்துக்குள் கை கோக்க முடியுமா? முடியாதென்றால், அது சமத்துவத்தின் உடையல்ல. ஒரு சாதியின் வேலி. குக்கேரியின் முகமூடி ஆணை வேறொருவனாக்குகிறது. இந்தச் சேலை பெண்ணை வேறொருத்தி ஆக்குவதில்லை. 'எங்கள் வீட்டுப் பெண்' என்று அவளை மறுபடி முத்திரை குத்துகிறது. ஆணின் வேடம் விடிந்தால் கழன்றுவிடும். இவளுடையது வீட்டுக்கும் கூடவே வருகிறது.

கும்மியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அரும்பாடுபட்டுப் பெண்கள் கைக்கு வந்த ஆட்டம் அது. கதையை முழுதாகப் பாடக் கேளுங்கள் என்கிறேன். நள்ளிரவில் அவள் கிளம்பும் இடத்தை விட்டுவிடாமல் பாடச் சொல்லுங்கள். பாடும் இடத்துக்குப் பெண்களே வாருங்கள். ஆசிரியரின் ஒலிவாங்கி இன்னும் பெரும்பாலும் ஆண் கையில்தான் இருக்கிறது. அடுத்த தெருப் பெண்ணை வட்டத்துக்குள் கூப்பிடுங்கள். உறுதிமொழிக்குக் கை நீட்டச் சொன்னால், கும்மி கொட்டத்தான் கை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.