கண்டும் காணாத நகரம்: ‘நெவர்வெயர்’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

மாய உலகைப் பொருளாகக் கொள்ளும் நாவல் யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் முயற்சியே என்பது விமர்சகர் பலரின் தீர்ப்பு. ஆங்கில எழுத்தாளர் நீல் கெய்மன் 1996இல் வெளியிட்ட ‘நெவர்வெயர்’ என்னும் நாவல் இத்தீர்ப்பை ஒரு பாதியில் மறுக்கிறது. மறுபாதியில் அதற்கே சான்றாகிவிடுகிறது. இவ்விரு பாதிகளும் பிரியும் இடத்தை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைநாயகன் றிச்சட் மேகியூ, இலண்டனில் அலுவலகம் ஒன்றிற் பணிபுரியும் சாதாரண இளைஞன். ஒரு மாலை நடைபாதையில் இரத்தம் கசியக் கிடக்கும் பெண்ணொருத்தியைக் காண்கிறான். உடன் வந்த, அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவளான ஜெசிக்கா அவளைத் தாண்டிச் செல்லவே விரும்புகிறாள். அவனோ அவளைத் தூக்கிச் செல்கிறான். அதன்பின் அலுவலகத்தார் அவனை அறியார். அவன் குடியிருக்கும் வீடே அவன் உள்ளிருக்கையில் பிறருக்குக் காட்டப்படுகிறது. நகரின் அடியில் மறைந்துள்ள ‘கீழ் இலண்டனு’க்கு அவன் உரியவனாகிவிட்டான்.

இங்கு மாயத்தின் வேர் சமூகத்திலேயே உள்ளது. 1980களிலும் 1990களிலும் வாட்டர்லூ புகையிரத நிலையத்தருகே அட்டைப்பெட்டிகளுள் உறங்கியோரைக் கண்டும் காணாது கடந்த நகரம் இலண்டன். தெருவிற் கிடப்போர் கண்ணிற் படுவதில்லை என்னும் வழக்கை ஆசிரியர் சொல்லுக்குச் சொல் உண்மையாக்குகிறார். இடப்பெயர்களையும் அவ்வாறே கையாள்கிறார். செல்வர் வாழும் நைற்ஸ்பிறிட்ஜ், கடப்போரிடம் காவுகொள்ளும் இரவின் பாலமாகிறது; ஏர்ள்ஸ் கோட், நிலக்கீழ்ப் புகையிரதப் பெட்டியொன்றில் முதிய பிரபு நடத்தும் அரசவையாகிறது.

இந்நாவலின் மிகச் சிறந்த பகுதி கருந்துறவிகளின் சோதனையாகும். அங்கு றிச்சட்டுக்குத் தோன்றும் உருக்கள், அவன் கண்டவையெல்லாம் புகையிரத மேடையில் அலையும் வீடற்ற பித்தன் ஒருவனின் கற்பனையே என்கின்றன, தற்கொலைக்கும் தூண்டுகின்றன. கதையின் மாயம் முழுவதும் ஒரு கணம் கலைந்து, அடியிலுள்ள அவலம் வெளித்தெரிகிறது. அவனை மீட்பது அனஸ்தீசியா என்னும் சிறுமியின் மாலையிலிருந்து உதிர்ந்த மணி. வீட்டிலே துன்புறுத்தப்பட்டுத் தெருவுக்கு ஓடிவந்த அவளை இரவின் பாலம் முன்னரே விழுங்கிவிட்டது.

நாவலின் குறையும் இங்கேயே தெளிவாகிறது. கீழ் இலண்டனின் வறுமையைத் தன் சொந்த வாழ்வாற் காட்டும் பாத்திரம் அனஸ்தீசியாவே. அவளோ தொடக்கத்திலேயே மறைந்து, நாயகனின் மீட்புக்குக் கருவியாக மட்டும் எஞ்சுகிறாள். நடைபாதையிற் கிடந்த டோர் என்பவளோ உயர்குடியில் வந்தவளாகிறாள். கதை அவளது குடும்பத்தைக் கொன்றோரைத் தேடும் வீரச்செலவாக மாறி, வஞ்சக வானதூதன் ஒருவனிடம் சென்று முடிகிறது. வீடற்றோரின் குலங்கள் பற்றிய தொலைக்காட்சித் தொடர் என்ற யோசனையை முதலில் அளித்தவர் நடிகர் லெனி ஹென்றி. வீடின்மை கவர்ச்சியாகிவிடக்கூடாது என்றே கெய்மன் அதனை மாய உலகாக்கினார். அந்த அச்சம் நேர்மையானது. ஆயினும் கவர்ச்சி நீங்கவில்லை, வீடற்றோரே நீங்கினர்.

இறுதியில் மேலுலகு மீண்டு பதவியுயர்வும் பெறும் றிச்சட், அவ்வாழ்வில் நிறைவு காணாது கீழுலகையே நாடிச் செல்கிறான். அவனுக்கு அது விரும்பித் தேர்ந்த வழி. அனஸ்தீசியாவுக்கோ அத்தகைய தெரிவு இருந்ததில்லை. இவ்வேறுபாட்டை நாவல் எண்ணிப்பார்த்திருப்பின் அதன் முடிவு வேறாயிருக்கும். எனினும், நடைபாதைக் காட்சியைப் படித்த ஒருவர் தம் நகரத்தின் நடைபாதையைப் பழைய கண்களாற் பார்த்தல் அரிது. மாயக் கதையையும் சமூக நோக்கில் ஆராயவேண்டும் என்பதற்கு அதுவே போதிய காரணமாகும்.