எதிரி என்னும் சொல்: ஏற்பி மருந்தியலில் ஒரு பொருள்மயக்கம்

தமிழில் மருத்துவ அறிவியல் எழுதுவோரிடம் 'எதிரி' என்னும் சொல் அளவுக்கு மீறி உழைக்கிறது. ஆன்டிபயாட்டிக் நுண்ணுயிர் எதிரி ஆயிற்று. ஆன்டிபாடி பிறபொருளெதிரி ஆயிற்று. இவ்விரண்டிலும் அச்சொல் பொருந்துகிறது. ஏற்பிகளைப் பற்றிப் பேசுகையில் ஆன்டகோனிஸ்ட் என்பதையும் எதிரி, எதிர்ப்பி எனப் பெயர்ப்பதே இடர்ப்பாடு.

ஏற்பியைப் பற்றி அதனைச் செயற்படுத்துவது அகோனிஸ்ட். ஆன்டகோனிஸ்டோ மாறாக எதனையும் செய்வதில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டு வாளாவிருக்கிறது. மார்ஃபின் மிகையால் மூச்சு ஒடுங்கியவரை நாலாக்சோன் மீட்கிறது. அபின் வகை மருந்து எதனையும் கொள்ளாதவரிடம் அதே நாலாக்சோன் வழக்கமான அளவில் குறிப்பிடத்தக்க விளைவு எதனையும் காட்டுவதில்லை. பகையே இல்லாதவிடத்து எதிரி எங்ஙனம் உளதாகும்?

உண்மையில் எதிர்த்திசையில் இயங்கும் மருந்துப்பொருள்களும் உள்ளன. டயசெபாம் பிணையும் இடத்திலேயே பிணைந்து, அச்சத்தையும் வலிப்பையும் தோற்றுவிக்கும் பீட்டா-கார்போலின் சேர்மங்கள் அத்தகையன. ஃப்ளுமசெனில் அவ்விடத்தைப் பற்றி இரு திறத்தவற்றின் விளைவையும் மறிக்கிறது. ஃப்ளுமசெனிலுக்கு 'எதிரி' என்னும் பெயரை முன்னரே கொடுத்துவிட்டால், பீட்டா-கார்போலினுக்கு வைக்கப் பெயரில்லை.

பற்றுதல் வேறு, பற்றியபின் செயலாற்றுதல் வேறு என்பதை 1956இல் ஸ்டீபன்சன் தெளிவுறுத்தினார். புதுமருந்துத் தேடலில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஒரு சேர்மம் ஏற்பியில் பிணைகிறது என்று கண்டால் மட்டும் அது இம்மூவகையுள் எதுவென்று கூறவியலாது. ஆகவே கலைச்சொல்லும் செயலைக் கொண்டே அமைதல் வேண்டும். அகோனிஸ்டை இயக்கி என்றும், ஆன்டகோனிஸ்டை மறிப்பி என்றும், எதிர்த்திசையில் இயக்குவதை எதிரியக்கி என்றும் வழங்குவது தகும்.

'தடுப்பி' ஆகாதா எனின், அதனை நொதிகளுக்கு ஒதுக்குதல் நன்று. எனலாப்ரில், லோசார்டான் இரண்டும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பனவே. முன்னது ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதற்குரிய நொதியைத் தடுக்கிறது. பின்னது அப்பொருள் சென்றுசேரும் ஏற்பியை மறிக்கிறது. இரண்டையும் தடுப்பி என்றால், வறட்டு இருமல் ஏன் எனலாப்ரிலில் மிகுதி என்று மாணவர்க்கு விளக்குவது கடினம்.

எஞ்சுவது புப்ரினார்ஃபின் போன்றவை. தனித்து நின்றால் ஓரளவே இயக்கும். மார்ஃபின் இருக்குமிடத்தில் அதனைப் பெயர்த்து அதன் விளைவைக் குறைக்கும். குறையியக்கி எனலாம், ஆயினும் குறை என்பது குற்றத்தையும் சுட்டுமாதலின், பகுதியியக்கி என்பதையே இக்கட்டுரையாளர் விரும்புகிறார்.