பேசாத பையனின் படிவம்

மைக்கேல் லூயிஸ் எழுதிய 'தி ப்ளைண்ட் சைட்' (2006) நூலை நான் முதலில் படித்தது இன்ஜினியரிங் கடைசி வருடத்தில், 'மணிபால்' படித்த கையோடு. அமெரிக்கக் கால்பந்து என்றால் அப்போது எனக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்ளும் விளையாட்டு, அவ்வளவுதான். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, லூயிஸ் மாதிரிக் கதை சொல்ல ஆள் கிடையாது. போன மாதம் மறுபடி எடுத்தேன். அப்போது என்னைக் கவர்ந்த அதே இடம் இப்போது உறுத்தியது.

அந்த இடம் இது. 2004. டாம் லெமிங் என்பவர் காரை எடுத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றி, பள்ளிகளில் ஆடும் பையன்களை நேரில் பார்த்துத் தரவரிசை போடுகிறவர். அவர் பட்டியலுக்குப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் காத்திருப்பார்கள். மெம்ஃபிஸில் ப்ரையர்க்ரெஸ்ட் என்ற கிறிஸ்தவப் பள்ளியில் ஆடும் மைக்கேல் ஓஹரின் வீடியோ அவர் கைக்கு வருகிறது. மலை மாதிரி உடம்பு, அந்த உடம்புக்கு நம்பவே முடியாத வேகம். சந்திக்கிறார். மற்ற பையன்கள் இந்தச் சந்திப்புக்குத் தவம் கிடப்பார்கள். கொடுத்த படிவத்தை அழகாக நிரப்புவார்கள். ஓஹர் வாயைத் திறப்பதே இல்லை. படிவமும் வெறுமையாகவே திரும்பி வருகிறது. லெமிங்குக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தும் நாட்டின் மிகச் சிறந்த லைன்மேன்களில் ஒருவர் என்று எழுதிவிடுகிறார். பிறகென்ன, பயிற்சியாளர்கள் வரிசை கட்டுகிறார்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? வலது கைக்காரக் குவார்ட்டர்பேக் பந்தை எறிய நிற்கும்போது இடப்பக்கம் பின்னாலிருந்து வருகிறவனை அவரால் பார்க்க முடியாது. அந்தக் குருட்டுப் பக்கத்தைக் காப்பவர்தான் லெஃப்ட் டாக்கிள். 1985இல் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து ஜோ தைஸ்மனின் கால் முறிந்த காட்சியோடுதான் புத்தகமே தொடங்குகிறது. யாரும் கவனிக்காத இந்த இடத்துக்குச் சந்தையில் விலை ஏறிய கதையை லூயிஸ் பிரமாதமாகச் சொல்கிறார். தொழில்முறை ஆட்டத்தில் அந்த விலையை டாலரில் கொடுத்தார்கள். கல்லூரி ஆட்டத்தில் அப்படிக் கொடுக்க முடியாது, அதுதான் சிக்கல். பயிற்சியாளர் கோடிகளில் சம்பாதிக்கலாம், ஸ்டேடியம் நிரம்பலாம், டிவி உரிமை விற்கலாம். ஆடுகிற பையனுக்குப் படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் போக எதுவும் கொடுக்கக் கூடாது என்பது என்சிஏஏ விதி. பூஸ்டர்கள், அதாவது அணிக்கு அள்ளிக் கொடுக்கும் பழைய மாணவர்களும் ரசிகர்களும், பையன் கையில் எதையும் வைக்கக் கூடாது. டெக்சாஸில் இருக்கும் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் வீரர்களுக்குப் பணம் கொடுத்துத் தொடர்ந்து மாட்டியதால், 1987 சீசனில் அணியே ஆட முடியாமல் போனது.

பணம் பேச முடியாத இடத்தில் ஆள்பிடிப்பு எப்படி நடக்கும்? வரவேற்பறையில் நடக்கும். 2009இல் வந்த படத்தில் அது நகைச்சுவைக் காட்சியாக வருகிறது. நிக் சேபன், லூ ஹோல்ட்ஸ், டாமி டியூபர்வில் எல்லாம் தாங்களாகவே நடித்திருக்கிறார்கள் (டியூபர்வில் பின்னாளில் செனட்டர் ஆகிவிட்டார், நடிப்பு வீண்போகவில்லை). வருகிற ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் வீட்டின் குட்டிப் பையன் எஸ்.ஜே. "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று பேரம் பேசுகிறான். தியேட்டர் சிரிக்கும். நானும் சிரித்தேன். இந்த முறைதான் உறைத்தது: அந்த அறையில் பேரம் பேசத் தடை செய்யப்பட்ட ஒரே ஆள் ஓஹர். அவருடைய உடம்புக்கான விலையை வேறொரு குழந்தை கேட்கிறது, அதனால்தான் அது நகைச்சுவையாகிறது.

ஓஹருக்கு வீடு, உடை, படுக்கை, டியூஷன் டீச்சர் எல்லாம் கொடுத்தவர்கள் ஷான், லீ ஆன் டூயி தம்பதி. இருவரும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில், செல்லமாக 'ஓல் மிஸ்', படித்தவர்கள். ஷான் அங்கே கூடைப்பந்து நட்சத்திரம். ஓஹர் கடைசியில் தேர்ந்தெடுத்ததும் ஓல் மிஸ்தான். அதே 2005இல் அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் ஹ்யூ ஃப்ரீஸுக்கும் ஓல் மிஸ்ஸில் வேலை கிடைத்தது. என்சிஏஏ ஆள் அனுப்பி விசாரித்தது. லூயிஸ் இதையெல்லாம் ஒளிக்கவில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் விசாரிக்க வந்தவரை ஏதோ நல்ல குடும்பத்தின் அன்பைப் புரிந்துகொள்ளாத கிளார்க் மாதிரி காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஷானும் லூயிஸும் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

என் புகார் டூயி குடும்பத்தின் அன்பு போலி என்பதல்ல. அது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பணமாகக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கும்போது, சட்டப்படி கொடுக்க ஒரே வழி குடும்பம்தான். அன்பாக மட்டும்தான் கொடுக்கலாம். அப்படியொரு விதிக்குள் எது அன்பு, எது ஆள்பிடிப்பு என்று கொடுக்கிறவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. லெஃப்ட் டாக்கிளின் விலை எப்படி ஏறியது என்று அத்தனை துல்லியமாகக் கணக்குப் போட்ட எழுத்தாளர், அந்தச் சந்தை டூயி வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது என்று நம்புகிறார். புத்தகம் சறுக்குவது இங்கேதான்.

2023 ஆகஸ்ட்டில் ஓஹர் டென்னஸி நீதிமன்றத்துக்குப் போனார். தன்னைத் தத்தெடுக்கவே இல்லை, 2004இல் 18 வயதில் கையெழுத்து வாங்கியது கன்சர்வேட்டர்ஷிப்புக்கு, தன் கதையை வைத்து அவர்கள் சம்பாதித்தார்கள் என்றார். கன்சர்வேட்டர்ஷிப் என்பது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கான சட்ட ஏற்பாடு. டூயி தரப்பு பண மோசடிக் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனால் ஷான் சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள்: குடும்பத்தில் ஒருவராக இருந்தால்தான் ஓஹர் ஓல் மிஸ்ஸுக்குப் போக முடியும் என்று என்சிஏஏ சொன்னதாம், அதற்காகத்தான் அந்தக் காகிதமாம். ஆக, குடும்பம் என்பதே ஆள்பிடிப்பு விதிக்குப் பதிலாகப் போடப்பட்ட கையெழுத்து. செப்டம்பரில் நீதிபதி அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார். மாற்றுத்திறனாளி அல்லாத ஒருவருக்கு இப்படிச் செய்ததைத் தன் 43 வருட அனுபவத்தில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். படத்தில் விசாரணை அதிகாரிக்கு ஓஹர் கடைசியாகத் தரும் பதில் ஞாபகம் இருக்கிறதா? என் குடும்பம் அங்கேதான் படித்தது என்பார். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஓஹரே 2011இல் 'ஐ பீட் தி ஆட்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். படம் தன்னை ஆட்டமே தெரியாத மந்தமான பையனாகக் காட்டியது என்று அதில் வருத்தப்படுகிறார். அவர் சிறுவயது முதலே ஆட்டத்தைக் கூர்ந்து படித்தவர். கன்சர்வேட்டர்ஷிப்பும் அதில் வருகிறது, கிட்டத்தட்டப் பெற்றோர் மாதிரிதான் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக. அப்போது யாரும் அந்தப் பக்கத்தில் நிற்கவில்லை.

என் ஆபீஸில் இன்டர்வியூ பேனலில் நானும் உட்காருவதுண்டு. ஒரு பையன் கோடை முழுசாகப் போட்டான், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். 'கம்யூனிகேஷன்' கட்டத்தில் 5க்கு 1 போட்டேன். அவன் பேசாததை அவனிடம் இருக்கும் குறை என்றே எடுத்துக்கொண்டேன். லெமிங் வெற்றுப் படிவத்தைப் பார்த்ததும், லூயிஸ் லெமிங்கின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்ததும் அப்படித்தான். தன்னைப் பார்த்து எல்லோரும் குறிப்பெடுக்கும் அறையில், தன் பங்கு என்ன என்று கேட்கவும் உரிமை இல்லாத பையன் வேறு என்ன செய்திருக்க முடியும்?

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே வருமானத்தில் பங்கு தரலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். இப்போது வரவேற்பறையில் ஏஜென்ட் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேரம் பேசுகிறார். ஆட்டத்தின் புனிதம் போச்சு என்று பழைய ரசிகர்கள் புலம்புகிறார்கள். 2004இல் இது இருந்திருந்தால் ஓஹர் யாருக்கும் மகனாகாமலே ஓல் மிஸ்ஸுக்கோ வேறெங்கோ போயிருக்கலாம்.

லூயிஸைப் படிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஓஹரின் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு படியுங்கள், ஒரே சம்பவம் வரும்போது நிறுத்தி இரண்டையும் ஒப்பிடுங்கள். மெதுவாகத்தான் போகும். நான் இன்னும் முடிக்கவில்லை.